மூன்று முறை கேட்கும் முனகல்

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில் மூன்று புறமும் கடல் சூழ அமைந்த நாடு வேல்ஸ். மலையும் மழையும் நிலக்கரியும் மிகுந்த அந்நாட்டின் தென்கரையில் கிளமோர்கன் என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே கடலோரம் வாழ்ந்த முன்னோர் ஓர் ஓசைக்கு அஞ்சினர். நள்ளிரவில் உருவம் எதுவும் புலப்படாமல், நோயில் கிடப்பவர் முனகுவதைப் போன்ற ஒரு குரல் கரையோரமாகவே நகர்ந்து செல்லும். சில வேளைகளில் அதனுடன் மங்கலான ஓர் ஒளியும் போகும். அந்தக் குரல் கேட்டால் விரைவில் அக்கரையில் ஒரு கப்பல் உடையும் என்பது அவர்கள் நம்பிக்கை. வேல்ஷ் மொழியில் அதற்குக் கஹரைத் என்று பெயர்.

அந்தக் குரல் மூன்று முறை கேட்கும் என்பர். முதல் முறை உரக்க. இரண்டாம் முறை சற்றுத் தணிந்து, ஆனால் அச்சம் சிறிதும் குறையாமல். மூன்றாம் முறை, உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரின் கடைசி மூச்சைப் போல மெல்லியதாக. கடலோரத்தில் மட்டுமின்றி, கார்மார்தன் பகுதியில் பாயும் டவி ஆற்றங்கரை ஊர்களிலும் இது கேட்டதாகச் சொல்வார்கள். அங்கே அது ஊராரின் சாவை முன்கூட்டிச் சொல்லும். அந்த ஊரில் பிறந்து, பிழைப்புக்காகவோ கப்பல் வேலைக்காகவோ எங்கோ தொலைதேசம் போனவர் அங்கேயே இறக்க நேர்ந்தாலும், அவருடைய சொந்த ஊரில் இந்த முனகல் கேட்கும் என்றும் ஒரு கூற்று உண்டு. இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று நினைவில் நிறுத்துவது நல்லது. தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலம் அது. கடல் கடந்து போன மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரிவதற்கே மாதக்கணக்கில் ஆகும். அத்தகைய வீடுகளில்தான் இந்த ஓசை கேட்டது.

இவற்றை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் எட்மண்ட் ஜோன்ஸ் என்னும் கிறித்தவப் போதகர். 1702-இல் பிறந்து 1793 வரை வாழ்ந்தவர். பேயும் ஆவியும் பொய் என்று படித்தவர்கள் சொல்லத் தொடங்கிய காலத்தில், அவை மெய் என்று நிலைநாட்டும் நோக்கத்துடனேயே ஊர் ஊராகக் கேட்டறிந்த நிகழ்ச்சிகளைத் தொகுத்து 1780-இல் நூலாக வெளியிட்டார். நூறு ஆண்டு கழித்து, கார்டிஃப் நகரில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வர்ட் சைக்ஸ் அந்நூலையும் மக்கள் வாய்மொழியையும் துணைக்கொண்டு வேல்ஸ் நாட்டு ஆவிக்கதைகளை மீண்டும் தொகுத்தார். முன்னவர் நம்பி எழுதினார்; பின்னவர் சுவைத்து எழுதினார். இருவர் நூலிலும் கஹரைத்தின் முனகல் ஏறக்குறைய ஒரே விதமாகவே கேட்கிறது.

வேல்ஸ் மக்களின் காது இன்னும் பல ஓசைகளைக் கேட்டது. டொலைத் என்று ஒன்று. அது முனகல் அன்று. வேலை நடக்கும் ஓசை. சவப்பெட்டி செய்யும் தச்சரின் பட்டறையில், எவரும் இல்லாத இரவில் பலகை அறுக்கும் ஓசையும் ஆணி அறையும் ஓசையும் எழுமாம். அடுத்த நாள் பெட்டி வேண்டும் என்று எவரேனும் வந்து நிற்பார்களாம். நள்ளிரவில் நாய் ஊளையிட்டால் எழுந்து போய் விரட்டிவிட்டு வந்து படுத்தாலும் உறக்கம் வராமல் கிடந்த தலைமுறையினருக்கு இந்த அச்சத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வேல்ஸுக்குத் தெற்கே, குடாவின் மறுகரையில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி நீண்டு கிடக்கிறது. கப்பல்கள் உடைவதற்கென்றே அமைந்ததுபோன்ற பாறைக்கரை. அங்கு வழங்கிய கதைகளை ராபர்ட் ஹண்ட் என்பவர் 1865-இல் நூலாக்கினார். இவர் போதகர் அல்லர், அறிவியலாளர். சுரங்கப் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர், ஒளிப்படக் கலையின் தொடக்க காலத்தில் ஆய்வுகள் செய்தவர். அவர் பதிவு செய்துள்ள ஒரு செய்தி மனத்தைப் பிசைவது. முன்பு கப்பல் உடைந்த இடங்களுக்கு அருகே இரவில் நடக்க மீனவர்கள் அஞ்சினராம். புயல் வருவதற்கு முன்பு, அங்கே மூழ்கி இறந்த மாலுமிகளின் குரல் கேட்குமாம். அவர்கள் உதவி கேட்பதில்லை. எவரையும் சபிப்பதும் இல்லை. தத்தம் பெயரைத் தாமே சொல்லி அழைத்துக்கொள்வார்களாம். முகம் தெரியாமல் சிதைந்து கரையொதுங்கி, பெயர் தெரியாமலேயே புதைக்கப்பட்ட மாலுமிகள் நிறைந்த கரையில் இப்படியொரு கதை பிறந்ததில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் பல பகுதிகளில் 'எழுவர் சீழ்க்கை' என்றொரு நம்பிக்கை இருந்தது. இரவு வானில் ஏழு பறவைகள் சீழ்க்கை அடித்துக்கொண்டு பறந்தால் சாவு நிச்சயம் என்பது அது. ஆறு பறவைகள் ஏழாவதைத் தேடி அலைகின்றன என்றும், அது கிடைக்கும் நாளில் உலகம் முடியும் என்றும் சில ஊர்களில் சொன்னார்கள். மாலுமிகள் மட்டுமின்றி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் இதற்கு அஞ்சினர். சீழ்க்கை கேட்ட மறுநாள் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்து வீட்டிலேயே இருந்துவிட்ட செய்திகள் 19-ஆம் நூற்றாண்டு நாளிதழ்களில் வந்துள்ளன.

ஃபிராங்க் பக்லாண்ட் என்னும் இயற்கை ஆய்வாளரிடம் ஃபோக்ஸ்டோன் துறைமுகத்து முதிய மீனவர் ஒருவர் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். குளிர்கால இருட்டில் படகில் சென்றுகொண்டிருந்தபோது திடீரென்று தலைக்கு மேலே அந்தக் குரல்கள் எழுந்தன. உடனிருந்தவர்கள் திரும்பிவிடலாம் என்றனர். சற்று நேரத்தில் மழையும் காற்றும் தொடங்கி, அந்த இரவே கொடிய இரவாயிற்று. விடிவதற்குள் ஒரு படகு கவிழ்ந்து ஏழு பேர் மூழ்கினர். இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த முதியவர் இன்னொன்றும் சொன்னார். அந்த ஓசையை எழுப்புவது நீண்ட அலகுடைய கர்லூ பறவைகள் என்பது தமக்கு நன்றாகவே தெரியும் என்றார். தெரிந்திருந்தும் அதைக் கேட்கத் தமக்கு ஒருபோதும் பிடிப்பதில்லை என்றார். இந்தப் பொருள் பற்றி எழுதப்பட்டவை அனைத்திலும் அந்த மீனவரின் பேச்சே மிக நேர்மையானது எனத் தோன்றுகிறது.

அவர் சொன்னது சரி. கர்லூ நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவை. வலசை போகும்போது இரவிலும் பறக்கும். கூட்டம் சிதறாமல் இருக்க ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே பறக்கும். குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வந்து சேற்றில் இரை தேடுகிற பறவைதான். பகலில் கேட்டால் இனிமையும் ஏக்கமும் கலந்த குரல். இருட்டில், கண்ணுக்கு எதுவும் தெரியாமல், படகின் தலைக்கு மேலே கேட்டால் அது வேறு. வேல்ஸின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஸ்கோமர் தீவில் இன்னொரு பறவை உண்டு. ஷியர்வாட்டர் என்று பெயர். மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும். பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு இரவில்தான் தீவுக்குத் திரும்பும்; அதுவும் நிலவில்லாத இருட்டையே விரும்பும். ஆயிரக்கணக்கில் அவை ஒரே நேரத்தில் எழுப்பும் குரல், தொண்டை நெரிபடும் குழந்தையின் அழுகையைப் போல் இருக்குமாம். ஸ்காட்லாந்தின் ரம் தீவில் உள்ள ஒரு மலைக்குப் பூதமலை என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. முற்காலத்தில் அங்கு வந்த வைக்கிங் மாலுமிகள் இப்பறவைகளின் இரவுக் குரலைப் பூதங்களின் குரல் என்று எண்ணியே அப்பெயரை இட்டனர் எனக் கருதப்படுகிறது.

பறவை மட்டும் காரணம் அன்று. கடலே பேசுவதும் உண்டு. நடுக்கடலில் புயல் எழுந்ததும் அங்கிருந்து நெடிய அலைகள் நாற்புறமும் புறப்படுகின்றன. புயல் நகரும் வேகத்தைக் காட்டிலும் இந்த நெடிய அலைகள் விரைந்து செல்லக்கூடியவை. ஆகவே காற்று வருவதற்கு முன்பே, வானம் தெளிவாக இருக்கும்போதே, அவை கரையை அடைந்து மணல்திட்டுகளில் உடைகின்றன. பாறைக் குகைகளுக்குள் புகுந்து காற்றை அழுத்தி, பின்வாங்கும்போது உறிஞ்சுகின்றன. அந்த ஓசை முனகலைப் போலத்தான் இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் அமைதியான இரவுகளில் ஓசை மேலே போய்விடாமல் வளைந்து தரைக்கே திரும்புவதால், கடலின் இரைச்சல் வழக்கத்தைவிட நெடுந்தொலைவு உள்நாட்டிலும் கேட்கும். கிளமோர்கன் கரையின் முன்னோர் கேட்டது இதுவாகவே இருந்திருந்தால், அவர்கள் கேட்டது பொய்யும் அன்று, அது புயலை முன்னறிவித்தது என்று சொன்னது தவறும் அன்று.

ஆனால் அந்த முன்னறிவிப்பில் ஒரு குறை இருந்தது. எந்தக் கப்பல், எந்த நாள், எந்தத் திசைக் காற்று என்று அது சொல்லவில்லை. முனகல் கேட்டு ஒன்றும் நடவாத இரவுகள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றை எவரும் நினைவில் வைக்கவில்லை. கேட்டு, பின் கப்பல் உடைந்த இரவுகளே கதையாயின. பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுதிய பேரேடு அது. அதை வைத்து எந்த மாலுமியும் நங்கூரத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. 1831 மார்ச் மாதம் கிளமோர்கன் கரைக்கு எதிரே உள்ள நாஷ் மணல்திட்டில் ஃப்ராலிக் என்னும் பயணிகள் கப்பல் உடைந்து ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். அதன் பிறகு அங்கே எழுந்தது கலங்கரை விளக்கம். அடுத்த ஆண்டே கட்டி முடித்தனர்.

முன்னறிவிக்கும் ஓசையைப் பற்றி இவ்வளவு கதைகள் உள்ள வேல்ஸ் நாட்டில், மெய்யாகவே ஒரு பெரும் சாவு வந்த இரவில் என்ன கேட்டது?

1859 அக்டோபர் 25. ராயல் சார்ட்டர் என்னும் இரும்புக் கப்பல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து புறப்பட்டு இரண்டு மாதப் பயணத்தை முடிக்கும் தறுவாயில் இருந்தது. நீராவியும் பாயும் சேர்ந்து இயங்கும் விரைவுக் கப்பல். அடுத்த நாள் லிவர்பூலை அடைந்துவிடலாம். பயணிகளில் பலர் ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் பொருளீட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். சரக்குக் கணக்கில் மட்டும் 3,22,000 பவுன் மதிப்புள்ள தங்கம் இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த தங்கம் கணக்கில் வராதது. வேல்ஸின் வடக்கே உள்ள ஆங்கிள்சி தீவைச் சுற்றி வரும்போது காற்று வலுத்தது. திசை மாறி வடகிழக்கிலிருந்து சூறாவளியாக வீசத் தொடங்கியது. இரவு 11 மணிக்கு நங்கூரங்களைப் பாய்ச்சினர். நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் ஒரு நங்கூரச் சங்கிலி அறுந்தது. ஒரு மணி நேரத்தில் மற்றதும் அறுந்தது. பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தும் பயனில்லை. கப்பல் மொயல்ஃப்ரே என்னும் மீனவச் சிற்றூரின் அருகே முதலில் மணலில் தட்டி நின்றது. நீர்மட்டம் ஏற ஏற, அங்கிருந்து கிளம்பிப் பாறைமேல் மோதத் தொடங்கியது.

கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. கப்பலிலிருந்து அபாய வாணங்கள் விடப்பட்டன, துப்பாக்கிகள் வெடித்தன. ஏறத்தாழ 490 பேர் அந்தக் கப்பலில் இருந்தனர். காற்றின் பேரிரைச்சல் அனைத்தையும் விழுங்கிவிட்டது. விடியும் வேளையில் காற்றில் பிய்ந்த கூரையைச் சரிசெய்ய வீட்டின்மேல் ஏறிய ஊரார் ஒருவர்தாம் கீழே கடலில் கப்பல் இருப்பதைக் கண்டார். வருமுன் கேட்கும் முனகலைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த நாட்டில், வந்துவிட்ட அழுகுரல் எவர் காதிலும் விழவில்லை.

கண்டபின் அவ்வூரார் ஒரு கணமும் தயங்கவில்லை. கப்பலில் இருந்த மால்டா நாட்டு மாலுமி ஜோசப் ரோஜர்ஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த அலையில் குதித்துக் கரையேறினார். 28 ஊரார் கைகோத்து, அலைக்குள் மனிதச் சங்கிலியாக நின்று, கயிற்றைப் பிடித்தனர். வந்தவர்களை இழுத்துக் கரை சேர்த்தனர். ஆனால் காலை 7 மணியளவில் கப்பல் இரண்டாகப் பிளந்தது. பிழைத்தவர்கள் ஏறக்குறைய 40 பேர். அத்தனை பேரும் ஆண்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவரும் பிழைக்கவில்லை. மாண்டவர்கள் ஏறக்குறைய 450 பேர். ஈட்டிய தங்கத்தை விட்டுவிட மனமின்றி உடலில் கட்டிக்கொண்டதால் சிலர் அதன் கனத்திலேயே மூழ்கினர் என்றும் சொல்வதுண்டு.

அருகே லனாத்கோ என்னும் ஊரின் தேவாலயத்தில் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ் என்பவர் போதகராக இருந்தார். நாள்தோறும் கரையொதுங்கிய உடல்கள் அவருடைய தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. வழிபாட்டைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டு, அவர் ஒவ்வோர் உடலாகப் பார்த்து, உடையில் பின்னிய எழுத்து, கையில் பச்சை குத்திய குறி, விரலில் இருந்த மோதிரம் என்று அடையாளங்களைக் குறித்துக்கொண்டார். ஏறக்குறைய 140 பேரை அடக்கம் செய்தார். செய்தி கேட்டு உறவினர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்தன. மகனுக்கு இடது கையில் தழும்பு உண்டு, தங்கையின் தலைமுடி இந்த நிறம் என்றெல்லாம் எழுதிக் கேட்டவர்களுக்கு அவர் தாமே மறுமொழி எழுதினார். அப்படி அவர் எழுதிய கடிதங்கள் 1,075. சில மாதங்களுக்குள் அங்கு வந்து அவரைச் சந்தித்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்திருக்கிறார். தொலைவில் இறந்தவர்களின் செய்தியைக் கஹரைத் கொண்டுவரும் என்று நம்பிய நாட்டில், அந்தச் செய்தியை ஒவ்வொரு வீட்டுக்கும் மையும் பேனாவும் கொண்டு எழுதி அனுப்பினார் அந்தப் போதகர். 1862-இல், ஐம்பது வயது நிறையும் முன்பே அவரும் காலமானார். அந்த மாதங்களின் சுமையே அவரைக் கொண்டுபோயிற்று என்று ஊரார் நம்பினர்.

அந்தப் புயலில் பிரிட்டன் கரையில் 133 கப்பல்கள் உடைந்தன. மாண்டவர் தொகை ஏறக்குறைய 800. இதைப் பார்த்துத் துடித்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை உலகம் சுற்றி அழைத்துச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக இருந்தவர். 1854 முதல் அரசின் வானிலைத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தார். ராயல் சார்ட்டரை உடைத்த புயல் எங்கே எழுந்து எவ்வழியாக நகர்ந்தது என்று அவர் மணிவாரியாக ஆராய்ந்தார். புயல் ஓரிடத்தில் தொடங்கியதும் அதைத் தந்தி மூலம் மற்ற துறைமுகங்களுக்குச் சொல்லியிருக்க முடியும். புயலைவிடத் தந்தி விரைவானது. இதுவே அவர் கண்டது. 1861 பிப்ரவரியில் அவர் அமைத்த எச்சரிக்கை முறை நடைமுறைக்கு வந்தது. கடற்கரை நிலையங்கள் காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் தந்தியில் அனுப்பும். லண்டனில் கணித்து, ஆபத்துள்ள துறைமுகங்களுக்குத் தந்தி போகும். அங்கே உயர்ந்த கம்பத்தில் துணிபோர்த்திய கூம்பு ஒன்றை ஏற்றுவார்கள். முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து புயல். கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து. உருளை ஒன்றும் சேர்ந்தால் அதனினும் கடுமை. இரவில் விளக்குகள். தம் கணிப்புக்கு எந்தப் பெயரை இடுவது என்பதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார். இது ஆரூடமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை, கணக்கிட்டுப் பெற்ற கருத்து மட்டுமே என்று விளக்கினார். வானிலை முன்கணிப்பு என்று இன்று உலகம் வழங்கும் சொல்லை அப்பொருளில் நிலைநிறுத்தியவர் அவரே.

கூம்பு ஏற்றப்பட்டு, புயல் வராத நாள்களும் இருந்தன. கஹரைத்தின் தவறுகளை எவரும் எண்ணவில்லை. ஃபிட்ஸ்ராயின் தவறுகளை அனைவரும் எண்ணினர். நாளிதழ்கள் நையாண்டி செய்தன. அறிவியலாளர் சிலர் இது அறிவியலே அன்று என்றனர். கூம்பைக் கண்டு மீனவர்கள் கரையிலேயே தங்கிவிடுவதால் வருமானம் போகிறது என்று படகு உரிமையாளர் சிலர் முறையிட்டனர். கைப்பொருளும் கரைந்து, மனச்சோர்வும் மிகுந்த நிலையில், 1865 ஏப்ரல் 30 அன்று, தமது 59-ஆம் வயதில், ஃபிட்ஸ்ராய் தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். 1866 டிசம்பரில் எச்சரிக்கை முறையும் நிறுத்தப்பட்டது. அப்போதுதான் கடலோர மக்கள் குரல் எழுப்பினர். கூம்பு வேண்டும் என்று துறைமுகங்களிலிருந்து கோரிக்கைகள் சென்றன. ஓர் ஆண்டுக்குள் அது மீண்டும் கம்பத்தில் ஏறியது.

அவர் இறந்த அதே 1865-இல் இந்தியாவிலும் அது தொடங்கியது. முந்தைய ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயலில் கல்கத்தாவிலும் ஹூக்ளிக் கரையிலும் பல்லாயிரம் பேர் மாண்டிருந்தனர். அதைத் தொடர்ந்து கல்கத்தாத் துறைமுகம் இந்தியாவின் முதல் புயல் எச்சரிக்கைத் துறைமுகமாயிற்று. பின்னர் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. நாகையிலும் கடலூரிலும் பாம்பனிலும் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது, மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று ஐப்பசி கார்த்திகையில் வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கூண்டின் முன்னோடி ஃபிட்ஸ்ராயின் கூம்பும் உருளையும் என்பது புதிய செய்தியாக இருக்கலாம்.

ஃபிட்ஸ்ராய் செய்த இன்னொரு வேலையும் உண்டு. பாரோமீட்டர் என்னும் காற்றழுத்தமானியை வாங்க வசதியற்ற மீனவ ஊர்களுக்கு, துறைமுகத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒன்றைப் பொருத்தித் தர ஏற்பாடு செய்தார். ஊசியோ பாதரசமோ திடீரென்று இறங்கினால் புயல் வருகிறது என்று பொருள். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் உள்ள ஐமவுத் என்னும் மீனவ ஊரிலும் துறைமுகத்தில் ஒரு காற்றழுத்தமானி இருந்தது. 1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. அன்று காலை அது மிகவும் தாழ்ந்து காட்டியது. மீனவர்கள் பார்த்தார்கள். ஆனால் வானம் தெளிந்து, கடல் அமைதியாக இருந்தது. அதற்கு முந்தைய நாள்களில் மோசமான வானிலையால் எவரும் கடலுக்குப் போகவில்லை. வீடுகளில் கையிருப்பு தீர்ந்திருந்தது. கருவி சொன்னதை நம்பாமல் அவர்கள் போகவில்லை. நம்பியும் போக வேண்டியிருந்தது.

நண்பகலில் காற்று அசைவற்று நின்றது. பின் வானம் இருண்டது. சில நிமிடங்களில் புயல். படகுகள் துறைமுகத்தை நோக்கித் திரும்பின. வாயிலில் ஹர்க்கர் பாறைகள். கரையில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெயர் சொல்லி அழைக்கும் தொலைவிலேயே படகுகள் கவிழ்ந்தன. அந்தக் கடற்கரை ஊர்களில் அன்று மாண்ட மீனவர்கள் 189 பேர். அவர்களில் 129 பேர் ஐமவுத் ஊரார். ஏரியல் கெசல் என்ற படகு மட்டும் கரைக்குத் திரும்ப முயலாமல் ஆழ்கடலிலேயே புயலை எதிர்த்து நின்று, எல்லாரும் கைவிட்டுவிட்ட நிலையில், இரண்டு நாள் கழித்து ஞாயிறன்று துறைமுகத்துக்குள் வந்தது.

இன்று பிரிட்டன் வானொலியில் நாள்தோறும் கடல் வானிலை அறிக்கை வாசிக்கிறார்கள். கடலைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, காற்றின் திசையையும் வேகத்தையும் சொல்வார்கள். 2002-இல் அப்பகுதிகளில் ஒன்றுக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினர். கடலுக்கே போகாத முதியவர்கள்கூட அந்த அறிக்கையை வாடிக்கையாகக் கேட்பதுண்டாம். ஐமவுத் துறைமுகத்தருகே அண்மைக் காலத்தில் ஒரு நினைவுச்சின்னம் அமைத்திருக்கிறார்கள். அதில் மீனவர்கள் இல்லை. அன்று கரையில் நின்ற மனைவியரும் குழந்தைகளும் சிறு சிறு வெண்கல உருவங்களாக, நெருக்கியடித்து, கடலைப் பார்த்து நிற்கின்றனர்.